விக்டோரியாவின் கைவரை மேய்ச்சல் வரைபடங்கள்: காப்பகத் தளமும் மேப் வார்ப்பரும் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலப் பொது ஆவணக் காப்பகம் தன்னிடமுள்ள காலனிக்கால நில வரைபடங்களில் கணிசமானவற்றை ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. கூடவே மேப் வார்ப்பர் என்ற கருவியையும் தருகிறது. பழைய வரைபடத்தில் ஒரு புள்ளி, இன்றைய வரைபடத்தில் அதே இடம் என்று ஜோடி ஜோடியாகக் குறித்துக்கொண்டே போனால் பழையது புதியதன் மேல் வந்து உட்காரும். 1840களிலும் 50களிலும் கையால் வரைந்த மேய்ச்சல் ரன் (ஒருவர் மந்தை மேய்த்த நிலப்பரப்பு) வரைபடங்களோடு வேலை செய்கிறவர்களுக்கு இந்த இரண்டும் சேர்ந்து பெரிய வரம். ஆனால் கருவி காட்டும் பிழை எண் சின்னதாக இருக்கிறதே என்று நம்பி எல்லைக்கோட்டை நகலெடுத்தால் ஒரு மைல் தள்ளிப் போகவும் வாய்ப்புண்டு. கருவியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்த வரைபடங்கள் உருவான விதம் அப்படி.

அந்த விதத்தை முதலில் பார்த்துவிடுவோம். மெல்போர்ன் 1835இல் முளைத்தது. அடுத்த சில வருஷங்களில் ஆட்டு மந்தைகள் உள்நாடு முழுக்கப் பரவின. அரசு நிலத்தில் மந்தையோடு போய் உட்கார்ந்தவர்கள்தான் ஸ்குவாட்டர்கள். ஆண்டுக்கு 10 பவுண்ட் உரிமக் கட்டணம் கட்டினால் மேய்க்கலாம். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது பக்கத்து ஸ்குவாட்டரோடு பேசி முடித்த விஷயம். ஏரால் கீறிய ஒரு சால், பட்டை உரித்த மரங்களின் வரிசை, ஓர் ஓடை, இவைதான் எல்லை. தகராறு வந்தால் அரசு நில ஆணையர் குதிரையில் வந்து தீர்த்து வைப்பார். 1847 மார்ச்சில் வந்த அரசாணைதான் நிலைமையை மாற்றியது. தொலைதூர மாவட்டங்களில் 14 ஆண்டு, இடைநிலை மாவட்டங்களில் 8 ஆண்டு குத்தகை. 4,000 ஆடு தாங்கும் நிலத்துக்கு 10 பவுண்ட் வாடகை, அதற்கு மேல் ஒவ்வோர் ஆயிரத்துக்கும் 2 பவுண்ட் 10 ஷில்லிங். குத்தகை வேண்டுமென்றால் எல்லையை எழுதிக் கொடுக்க வேண்டும். 1848இல் அரசிதழில் பக்கம் பக்கமாக வந்த ரன் விவரங்கள் இப்படிப் பிறந்தவை: உரிமையாளர் பெயர், ரன்னின் பெயர், உத்தேசப் பரப்பு, உத்தேசமாக எத்தனை ஆடு தாங்கும், நாலு பக்க எல்லை.

இரண்டு முறை வரும் அந்த ‘உத்தேச’த்தைக் கவனியுங்கள். வாடகை ஆட்டுக் கணக்கில் வருவதால் 9,000 ஆடு தாங்கும் நிலத்துக்கு 22 பவுண்ட் 10 ஷில்லிங் கட்ட வேண்டும்; அதையே 4,000 என்று எழுதினால் 10 பவுண்டோடு முடிந்தது. எண்ணைக் குறைத்துச் சொன்னால் லாபம் யாருக்கு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வரைபடத்தில் கறாரான கோடாகத் தெரியும் எல்லைக்குப் பின்னால் இப்படிப்பட்ட ஒரு வாக்குமூலம்தான் இருக்கிறது.

தேடும் வழிக்கு வருவோம். வரலாற்று வரைபடத் தொகுப்பின் எண் வி.பி.ஆர்.எஸ். 8168. அதற்குள் ‘ரன்’ என்ற முன்னொட்டோடு வருபவை மேய்ச்சல் வரைபடங்கள். ‘சிட்னி’ என்ற முன்னொட்டில் அந்தக் காலத்துச் சர்வே வரைபடங்கள் இருக்கும். வரைபடத்துக்குத் துணையான கடிதங்களும் குத்தகைக் காகிதங்களும் வி.பி.ஆர்.எஸ். 5920 என்ற மேய்ச்சல் ரன் கோப்புகளில் கிடைக்கும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். வரைபடத்தில் ஒரு கோட்டின் மேல் இன்னொரு மையில் புதுக் கோடு போட்டிருந்தால் அதற்குக் காரணம் கோப்பில்தான் இருக்கும்.

ரன்னின் பெயரை மட்டும் போட்டுத் தேடினால் பாதி நழுவிவிடும். ரன்கள் கைமாறும்போது பெயர் மாறும். பிரிக்கும்போது ‘1ஆம் எண்’, ‘2ஆம் எண்’, ‘கிழக்கு’, ‘மேற்கு’ என்று வால் சேரும். பழங்குடிப் பெயரென்றால் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டு. ஓடையின் பெயர், உரிமம் வைத்திருந்தவரின் குடும்பப் பெயர், பின்னாளில் அந்த இடத்தில் வந்த பாரிஷின் (நிலப் பதிவுக்கான சிறு பிரிவு) பெயர் என்று மூன்று பக்கமும் தேடுங்கள். 1848 அரசிதழ் விவரத்தை ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில் நியூ சவுத் வேல்ஸ் அரசிதழுக்குள் தேட வேண்டும். விக்டோரியா தனிக் காலனியானது 1851 ஜூலை 1இல்தான். விக்டோரியா மாநில நூலகத்தின் வரைபடங்களையும் விட்டுவிடாதீர்கள். காப்புரிமை முடிந்தவற்றை உயர் தெளிவில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். தாமஸ் ஹாம் 1851இல் அச்சிட்ட ஸ்குவாட்டிங் வரைபடம் மாநிலம் முழுவதையும் ஒரே தாளில் காட்டும். அது செதுக்கி அச்சிட்டது, கைவரை அல்ல. ஆனால் எந்த ரன் எதற்குப் பக்கத்தில் என்று பிடிபட அதுதான் நல்ல சாவி.

இனி தாளைப் பார்ப்போம். இறக்கிய படத்தை முழுத் தெளிவில் பெரிதாக்கி, ஓர் ஓடையை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை கண்ணால் தொடருங்கள். சில இடங்களில் ஓடை சின்னச் சின்னக் கோணங்களாக மடங்கி மடங்கிப் போகும். பக்கத்தில் மெல்லிய புள்ளிக்கோடு, அதன் மேல் பாகை எண்களும் சங்கிலி எண்களும் இருக்கும். சர்வேயர் திசைகாட்டியும் சங்கிலியுமாக நடந்த பாதை அது. கொஞ்ச தூரம் போனதும் எண்கள் நின்றுவிடும். ஓடை ஒரே சீராக, அழகாக, அலை அலையாக நெளியும். அங்கே யாரும் நடக்கவில்லை. குன்றின் மேலிருந்து பார்த்தோ, மேய்ப்பவரைக் கேட்டோ வரைந்தது. அந்த அழகான நெளிவின் மேல் கட்டுப்பாட்டுப் புள்ளி (பழையதையும் புதியதையும் இணைக்கும் ஜோடிப் புள்ளி) வைக்காதீர்கள்.

குன்றுகளைச் சரிவுக் கீற்றுகளால் காட்டியிருப்பார்கள். கீற்று நெருக்கமாக இருந்தால் செங்குத்து என்பது பொது விதி. ரன் வரைபடங்களில் அது பெரும்பாலும் ‘இங்கே ஒரு குன்று உண்டு’ என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லாது. நடுநடுவே வரும் குறிப்புகள் மதிப்புள்ளவை: நல்ல புல், அடர்த்தியில்லாத காடு, கல்மேடு, குடிசை, கம்பளிக் கொட்டகை, ஆடு கழுவுமிடம், வண்டித்தடம். வண்டித்தடம் அடுத்தடுத்த இரண்டு ரன்களின் வரைபடங்களிலும் ஒரே இடத்தில் எல்லையைக் கடந்தால் அந்தக் கடவு நம்பகமானது. மையைப் பொறுத்தவரை, இரும்பு கலந்த கருப்பு மை காலப்போக்கில் பழுப்பாகி, கோட்டின் இரு பக்கமும் தாளுக்குள் ஊறும். ஸ்கேனில் கோடு தடித்துத் தெரிவது சில சமயம் இதனால்தான். புள்ளி வைப்பதென்றால் கோட்டின் நடுவில் வையுங்கள்.

அளவுகோல் கணக்கைத் தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள். ஒரு குண்டர் சங்கிலி 66 அடி, 100 லிங்க். 80 சங்கிலி ஒரு மைல். 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். 640 ஏக்கர் ஒரு சதுர மைல். அங்குலத்துக்கு 40 சங்கிலி என்றால் 1:31,680. அங்குலத்துக்கு 2 மைல் என்றால் 1:1,26,720. இரண்டாவது அளவில் அரை மில்லிமீட்டர் தடித்த பேனாக்கோடு தரையில் 63 மீட்டர் அகலம். 300 டிபிஐ ஸ்கேனில் ஒரு பிக்ஸல் ஏறத்தாழ 10.7 மீட்டர். இதைத் தாண்டிய துல்லியம் அந்தத் தாளில் கிடையாது. ஆகவே ஆஸ்திரேலியாவின் ஆய அமைப்புகளில் பழைய ஜிடிஏ94ஆ, புதிய ஜிடிஏ2020ஆ என்று தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் 1.8 மீட்டர்தான்.

மேப் வார்ப்பரில் வேலை ஓடும் வரிசை எளிது. வரைபடத்தைத் திறந்து ‘ரெக்டிஃபை’ பகுதிக்குப் போனால் இடப்பக்கம் பழைய தாள், வலப்பக்கம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். இரண்டிலும் ஒரே இடத்தைக் குறித்துப் புள்ளியைச் சேர்க்க வேண்டும். குறைந்தது 3 புள்ளி வேண்டும்; 8 முதல் 10 வரை வைப்பது நல்லது. தாளின் நாலு மூலைக்கும் பரவ வேண்டும். எல்லாப் புள்ளியும் ஒரே ஓடையோரம் வரிசையாக நின்றால் தாள் அந்தக் கோட்டை அச்சாக வைத்து எப்படி வேண்டுமானாலும் இழுபடும். ‘கிராப்’ பகுதியில் தலைப்பு, அலங்கார ஓரம், மடிந்த விளிம்பு ஆகியவற்றை வெட்டிவிட்டால் பக்கத்து வரைபடத்தோடு சேர்க்கும்போது மறைக்காது. தேடும் ரன் வரைபடம் காப்பகத்தின் வார்ப்பரில் இல்லையென்றால், படத்தை இறக்கிப் பொதுவான மேப் வார்ப்பர் தளத்தில் ஏற்றலாம். இல்லாவிட்டால் க்யூஜிஐஎஸ் மென்பொருளின் ஜியோரெஃபரன்சரில் அதே வேலையைச் செய்யலாம். இரண்டும் இலவசம்.

சறுக்குவது உருமாற்ற முறையைத் தேர்வு செய்யும் இடத்தில்தான். ‘ஆட்டோ’ என்று விட்டால் 5 புள்ளி வரை முதல்படி உருமாற்றம் ஓடும். அதாவது தாளை நகர்த்தும், திருப்பும், இரு திசையிலும் தனித்தனியாக நீட்டிச் சுருக்கும், கொஞ்சம் சாய்க்கும். நேர்கோடு நேர்கோடாகவே இருக்கும். 6ஆவது புள்ளி வைத்ததும் இரண்டாம்படிக்குத் தாவிவிடும். அங்கே நேர்கோடு வளையலாம். மேய்ச்சல் எல்லை நேர்கோடாகத்தான் எழுதப்பட்டது: ‘அந்த மரத்திலிருந்து இந்தக் குன்றுக்கு’ என்று. அதை வளைத்துவிட்டால் ஆவணத்தைத் திருத்திவிட்டோம் என்று அர்த்தம். எனவே ‘ஆட்டோ’வை மாற்றி முதல்படியைக் கையால் தேர்ந்தெடுங்கள், புள்ளி எத்தனை இருந்தாலும் சரி.

தின் பிளேட் ஸ்ப்லைன் என்ற உருமாற்ற முறை இன்னும் ஆபத்து. அது வைத்த எல்லாப் புள்ளி வழியாகவும் தாளை இழுத்துக்கொண்டு போகும். எல்லாம் பொருந்திவிட்டது போல இருக்கும், புள்ளிகளுக்கு நடுவே தாள் ரப்பராக நெளிந்திருக்கும். தவறான ஒரு புள்ளி இருந்தாலும் அது தவறு என்று காட்டிக்கொடுக்க எதுவும் மிஞ்சாது. முதல்படியில் அதே தவறான புள்ளி பெரிய பிழை எண்ணோடு தனியாகத் தலை நீட்டும். அந்தத் தலை நீட்டல்தான் நமக்குத் தேவை. க்யூஜிஐஎஸ்ஸில் அந்தப் பிழை பிக்ஸலில் வரும். மேலே சொன்ன 2 மைல் அளவில் 20 பிக்ஸல் என்றால் தரையில் ஏறத்தாழ 215 மீட்டர். ரன் வரைபடத்துக்கு இது மோசமான எண்ணே அல்ல.

பிழையைக் குறைக்கிறேன் என்று பிடிக்காத புள்ளிகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே போவது பலர் செய்யும் வேலை. கடைசியில் எண் அழகாகும், வரைபடம் பொய்யாகும். அதற்குப் பதிலாக 3 நல்ல புள்ளிகளைச் சேர்க்காமல் ஒதுக்கி வையுங்கள். மற்ற புள்ளிகளை வைத்துப் பொருத்தி முடித்த பிறகு, ‘பிரிவியூ’வில் தாளின் ஒளிபுகும் அளவை மாற்றி, ஒதுக்கிய மூன்றும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று அளந்து பாருங்கள். வரைபடத்தின் உண்மையான பிழை அந்தத் தூரம்தான்.

எதன் மேல் புள்ளி வைப்பது? மேற்கு மாவட்டத்தில் அதிர்ஷ்டம் உண்டு. தட்டையான சமவெளியில் எரிமலைக் குன்றுகள் தனித்தனியாக எழுந்து நிற்கின்றன: மவுண்ட் எலிஃபண்ட், மவுண்ட் நூராட், மவுண்ட் ஷாட்வெல், மவுண்ட் ரவுஸ், மவுண்ட் நேப்பியர். சர்வேயர்கள் கோணம் எடுத்ததே இவற்றைப் பார்த்துத்தான். ஓடைகள் சேருமிடம் அடுத்த நல்ல புள்ளி. ஏரிக்கரை வேண்டாம், கொரங்கமைட் போன்ற ஆழமில்லாத ஏரிகளில் கரை மழைக்கு மழை நகரும். தங்க வயல் பகுதியென்றால் ஓடையையும் நம்ப முடியாது. 1851க்குப் பிறகு மண்ணை அலசி ஓடைகளையே இடம் மாற்றிவிட்டார்கள். கிழக்கே எய்ல்டன், ஹியூம், எப்பலாக் நீர்த்தேக்கங்களுக்கு அடியில் பழைய சங்கமங்கள் பல மூழ்கிக் கிடக்கின்றன. அணைக்கு முந்தைய பாரிஷ் வரைபடத்தை முதலில் பொருத்திவிட்டு, அதன் மேல் ரன் வரைபடத்தைப் பொருத்துவதுதான் ஒரே வழி.

எல்லாவற்றையும்விட நல்ல நங்கூரம் ஒன்று உண்டு. 1847 ஆணைப்படி ஸ்குவாட்டர் தன் வீட்டைச் சுற்றி 640 ஏக்கரை ஏக்கருக்கு 1 பவுண்ட் விலையில் முன்னுரிமையாக வாங்கலாம். விற்பனை என்பதால் அந்தத் துண்டைச் சங்கிலி போட்டு ஒழுங்காக அளந்தார்கள். பாரிஷ் வரைபடத்தில் அது முன்னுரிமை நிலம் என்பதைக் குறிக்கும் ஆங்கில முதலெழுத்துகளோடு, வாங்கியவர் பெயரோடு நிற்கும். பல இடங்களில் இன்றைய மனை எல்லையிலும் சாலைத் திருப்பத்திலும் அதன் மூலைகள் அப்படியே இருக்கின்றன. ரன் வரைபடத்தில் வீடும் ஓடை வளைவும் இருக்கும். பாரிஷ் வரைபடத்தில் அதே ஓடை வளைவும் சதுரமும் இருக்கும். இந்தத் தொடர்பைப் பிடித்தால் உத்தேசக் கோடு அளந்த கோட்டோடு ஓர் இடத்திலாவது முடிச்சுப் போடப்படும்.

வடக்குத் திசை அடுத்த சிக்கல். திசைகாட்டி காட்டியது காந்த வடக்கு. அன்றைக்கு அங்கே அது உண்மை வடக்கிலிருந்து சுமார் 8 பாகை கிழக்கே விலகி நின்றது. 5 மைல் நீளக் கோட்டில் அந்த விலகல் ஒரு கிலோமீட்டருக்கு மேல். ஒரே தாளைப் பொருத்தும்போது முதல்படி உருமாற்றம் இதைத் தானாகத் திருப்பிச் சரிசெய்துவிடும், பிரச்சினை இல்லை. அரசிதழின் சொல் விவரத்திலிருந்து எல்லையை நீங்களே வரையும்போதும், இரண்டு பேர் வரைந்த தாள்களை ஒட்டும்போதும்தான் அடி விழும். எரிமலைப் பாறை மண்ணில் திசைகாட்டி முள்ளே அங்கங்கே இழுபடும் என்பதையும் மனதில் வையுங்கள். பரங்கிமலையில் லாம்டன் 1802இல் அடிக்கோடு அளந்து தென்னிந்தியாவுக்கு எல்லா அளவைகளையும் ஒன்றாகப் பிணைக்கும் ஒரு முக்கோணச் சட்டகம் கொடுத்தார். விக்டோரியாவில் ராபர்ட் எல்லெரி பொறுப்பில் அப்படிப்பட்ட அளவை தொடங்கியது 1858இல்தான். அதற்கு முந்தைய ஒவ்வொரு ரன் வரைபடமும் தனித் தீவு. நூறு தீவுகளை இடைவெளியே இல்லாமல் ஒட்டிவைத்த இணைய வரைபடத்தைப் பார்த்தால், யாரோ இடைவெளிகளை அழித்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இந்தத் தாள்களில் இல்லாததைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கேம்பர்டவுனுக்கு அருகே, மவுண்ட் எமு ஓடைப் பக்கம், 1839இல் ஃபிரெடரிக் டெய்லர் என்ற மேற்பார்வையாளரும் அவரோடு போனவர்களும் ஜார்குர்ட் வுர்ரங் மக்களில் 35 முதல் 40 பேரைக் கொன்றார்கள். டெய்லர் இருந்த மேய்ச்சல் நிலம் பிறகு நீல் பிளாக் கைக்கு வந்து கிளெனார்மிஸ்டன் ஆயிற்று. ரன் வரைபடங்களில் இப்படிப்பட்ட இடங்களில் தெரிவது புல்லும் ஓடையும்தான். பழங்குடிக் காப்பாளர் ஜார்ஜ் அகஸ்டஸ் ராபின்சன் 1841இல் மவுண்ட் வில்லியம் அடிவாரத்தில் விலாங்கு மீன் பிடிக்க வெட்டிய கால்வாய்களைப் பார்த்து, 15 ஏக்கராவது இருக்கும் என்று எழுதி வைத்தார், வரைந்தும் வைத்தார். ஸ்குவாட்டரின் தாள் வெற்று மேய்ச்சலாகக் காட்டும் நாட்டின் இன்னொரு பதிவு அது. நியூகாஸில் பல்கலைக்கழகத்தின் காலனி எல்லைப் படுகொலைகள் வரைபடம் இணையத்தில் திறந்தே இருக்கிறது. பொருத்திய ரன் வரைபடத்தின் மேல் அதையும் வைத்துப் பார்க்காமல் வேலையை முடிக்காதீர்கள். வெற்றிடம் எப்படி வெற்றிடமாயிற்று என்பது அப்போதுதான் தெரியும்.

யாருக்கு இது பொருந்தும்? ஊர் வரலாறு எழுதுகிறவர், குடும்ப வேர் தேடுகிறவர், பழைய தாவரப் பரவலை ஆராய்கிறவர் எல்லோருக்கும் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். ‘அடர்த்தியில்லாத காடு’ என்ற குறிப்பு 200 மீட்டர் தள்ளி விழுந்தாலும் அவர்களுக்குக் குடி முழுகிவிடாது. இன்றைய வேலித் தகராறுக்கு ரன் வரைபடத்தை ஆதாரமாக்க நினைக்கிறவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்; அவர்களுக்கு வேண்டியது உரிமம் பெற்ற சர்வேயர்.

வேலை முடிந்ததும் ‘எக்ஸ்போர்ட்’ பகுதியிலிருந்து ஜியோடிஃப் (இடக்குறிப்பு சேர்ந்த படம்) கோப்போடு கட்டுப்பாட்டுப் புள்ளிகளின் சிஎஸ்வி கோப்பையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு வேறொருவர் உங்கள் பொருத்தலைச் சரிபார்க்க வேண்டுமானால் அந்தப் புள்ளிகள்தான் வழி. க்யூஜிஐஎஸ்ஸில் எல்லையை வரையும்போது ஒவ்வொரு பக்கத்துக்கும் தனிக் கோடு போட்டு, ‘அளந்தது’, ‘ஓடை’, ‘கண்மதிப்பு’ என்று ஒரு புலம் சேர்த்துவிடுங்கள். கண்மதிப்புக் கோடுகளுக்கு விட்டுவிட்டு வரும் கோட்டு வடிவம் கொடுங்கள், நாலு பக்கமும் ஒரே தடிப்பில் அச்சிட வேண்டாம். 144 பாகைத் தீர்க்கரேகைக்கு மேற்கே எம்ஜிஏ என்ற ஆஸ்திரேலிய வரைபடக் கட்ட அமைப்பின் 54ஆவது மண்டலம், கிழக்கே 55. மேற்கு மாவட்டத்தின் ரன்கள் சில இந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருப்பதால், தொடங்கும் முன்பே ஒரு மண்டலத்தை முடிவு செய்துகொண்டு எல்லாத் தாளுக்கும் அதையே வையுங்கள்.